யூனுஸ் கடை போன் நம்பரில் இருந்த பதினோரு பேர்

அனுப்புநர்:
ஞா. சாமுவேல், வயது 43,
மோல்டர், தனியார் பவுண்டரி,
கதவு எண் 4, ரயில்வே கேட் லைன் வீடுகள்,
போத்தனூர், கோயம்புத்தூர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்டப் பதிவாளர் (சங்கங்கள்) அவர்கள்,
மாவட்டப் பதிவாளர் அலுவலகம்,
கோயம்புத்தூர்.

பொருள்: செந்துளி இரத்த தானச் சங்கம், கோவை – உறுப்பினர் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது என் பெயர் நீக்கப்பட்டது – ஒரு பெண் இறந்த பிறகு "கூப்பிட்டும் வரவில்லை" என்று பொய்க் குறிப்புடன் பெயர் மறுபடி சேர்க்கப்பட்டது – கம்ப்யூட்டர் விற்கப்படும் முன் விசாரணை கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. சங்கத்தின் 1994-95 ஆண்டறிக்கை, பக்கம் 6.
2. நீக்கப்பட்ட பெயர்களின் பட்டியல், நாள் 9.7.1993.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை நானே எழுதுகிறேன். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் ஒருவரிடம் முதலில் போனேன். "கண்ணீரும் கம்பலையுமாக" என்று ஒரு வரி சேர்க்கட்டுமா என்று கேட்டார். நான் இன்னும் அழவில்லை. சங்கம் எழுதிய பொய்யே போதும், நானும் ஒன்று எழுத வேண்டாம் என்று காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு என்பதால், பிழை இருந்தால் பொறுத்தருளவும்.

1. மேற்படி சங்கத்தில் 1984 முதல் நான் உறுப்பினர். என் இரத்தம் ஓ நெகட்டிவ். எந்த வகை இரத்தம் உள்ளவருக்கும் இது சேரும், ஆனால் இந்த வகைக்காரருக்கு இதைத் தவிர வேறு எதுவும் சேராது என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பது ஆண்டுகளில் இருபத்து மூன்று முறை கொடுத்திருக்கிறேன். அவற்றுள் ஒன்று முகம் தெரியாத ஒரு லாரி டிரைவருக்கு. ஒன்று அந்தியூர்ச் சந்தையில் குதிரையிடம் உதைபட்டுக் கொண்டுவரப்பட்ட ஒரு கிழவருக்கு. கொடுத்த பிறகு யாரிடமும் பெயர் கேட்டதில்லை, என் பெயரைச் சொன்னதுமில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இரத்தம் கொடுக்க மறுத்தவன் என்ற பெயரோடு தங்கள் முன் நிற்பதால் சொல்கிறேன்.

2. எங்கள் லைனில் யாருக்கும் தொலைபேசி கிடையாது. கேட் அருகே மளிகைக் கடை வைத்திருக்கும் யூனுஸ் அவர்களிடம்தான் ஒன்று உண்டு. சொந்தத் தொலைபேசி இல்லாதவர்கள் பக்கத்துக் கடை எண்ணைக் கொடுத்து, ஓரத்தில் "பி.பி." என்று போடும் வழக்கம் தாங்கள் அறிந்ததே. அவ்விதம் எங்கள் லைனிலும் அடுத்த தெருவிலுமாகப் பதினோரு உறுப்பினர்கள் யூனுஸ் கடை எண்ணையே சங்கத்தில் கொடுத்திருந்தோம். அழைப்பு வந்தால் அவர் கல்லாவை விட்டு இறங்கி, கேட் வரைக்கும் கேட்கும்படி ஒரு சத்தம் போடுவார். நாங்கள் கை கழுவிக்கொண்டு பஸ் ஏறுவோம். ஒன்பது ஆண்டுகளில் ஒரு தடவையும் அது தவறியதில்லை.

3. அப்போது சங்கம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது. திருமதி கோமளா என்ற அலுவலக உதவியாளர் உறுப்பினர் அட்டைகளை இரத்த வகைப்படி அதில் அடுக்கி வைத்திருப்பார். யாருக்கு மஞ்சள் காமாலை வந்தது, யார் போன மாதம்தான் கொடுத்தார், யார் ஊசியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மாதம் ஒரு ஞாயிறு கூடுவோம். பக்கோடாவும் டீயும் உண்டு. பம்புசெட் தொழிற்சாலை முதலாளியும் சங்கச் செயலாளருமான திரு. லட்சுமணசாமி அவர்களும் எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்.

4. 1993 ஜூன் மாதம் செயலாளர் தம் தொழிற்சாலையிலிருந்து ஒரு கம்ப்யூட்டரைச் சங்கத்துக்குக் கொடுத்தார். நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அட்டைகள் எல்லாம் அதில் ஏற்றப்பட்டன. அதன்பின் எங்களுக்குப் பெயர் போட்டுக் கடிதம் வருவது நின்று, எண் போட்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் நின்றது. எல்லா விவரமும் உள்ளே இருக்கும்போது ஆட்களைக் கூட்டுவானேன் என்றார்கள். ஜூலைக்குப் பிறகு எனக்கு அந்த எண் போட்ட கடிதமும் வரவில்லை. நேரில் போய்க் கேட்டேன். "கம்ப்யூட்டர்ல எல்லாம் ஏறிப்போச்சுங்க, நீங்க கவலைப்படாமப் போங்க" என்றார்கள். நானும் கவலைப்படாமல் வந்துவிட்டேன். அன்று இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

5. என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி, கதவு எண் 7-இல் குடியிருப்பவர் திரு. எழில், வயது 29. அவர் மனைவி பொற்கொடி வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுத்துவந்தார். என் மனைவி மெர்சியை அக்கா என்றுதான் கூப்பிடுவார். வளைகாப்பில் ஐந்தாவது ஆளாகச் சந்தனம் பூசியது மெர்சி. 11.1.1994 செவ்வாய் காலை பொற்கொடியை நகரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். பகல் ஒன்றரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதன் பிறகு உதிரப்போக்கு நிற்கவில்லை.

6. அன்று பவுண்டரிக்குப் பவர் கட். பொங்கலுக்கு வந்த கரும்புக் கட்டுகளை இறக்க யூனுஸ் கடையில் ஒத்தாசைக்கு இருந்தேன். இரண்டரை மணிக்கு எழில் மருத்துவமனையிலிருந்து கடைக்குப் போன் செய்தார். பெண் குழந்தை என்று தம் தாயாரிடம் சொல்லச் சொல்லிவிட்டு, "ரத்தம் கொஞ்சம் வேணும்ங்கறாங்க, நம்ம சங்கத்துல லிஸ்ட்டு எடுத்தாச்சு, கூப்பிட்டுட்டு இருக்காங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். யூனுஸ் அதை அப்படியே எங்களுக்குச் சொன்னார்.

7. பொற்கொடிக்கு என்ன வகை என்று லைனில் யாருக்கும் தெரியாது. ஆனால் என் வகை எவருக்கும் சேரும் என்பது எனக்குத் தெரியும். அதனால் கரும்பை இறக்குவதை நிறுத்தினேன். களைத்த உடம்பில் இரத்தம் எடுக்க யோசிப்பார்கள். யூனுஸிடம் இரண்டு பன் வாங்கித் தின்று, டீ குடித்து, போன் இருந்த கல்லாவை ஒட்டி அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடையில் இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்று வெல்லம் விலை கேட்டு, மற்றது தவறான எண்.

8. கூப்பிடாவிட்டால் என்ன, போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தாங்களும் கேட்கலாம். மருத்துவமனை வாசலில் இரத்தம் விற்பவர்கள் சங்கத்தின் பெயரைச் சொல்லி உள்ளே புகுந்த காலத்தில், "அழைப்பு இல்லாமல் எந்த உறுப்பினரும் மருத்துவமனைக்குச் செல்லலாகாது" என்று விதி 9 எழுதப்பட்டது. அதற்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். விதிக்குக் கட்டுப்பட்டேன். பஸ்ஸில் முப்பத்தைந்து நிமிட தூரத்தில், பன் தின்றுவிட்டு, விதிக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

9. மாலை ஐந்து ஐம்பதுக்குப் பொற்கொடி இறந்தார். அவருடையது ஓ நெகட்டிவ். மருத்துவமனையில் ஒரு பாட்டில்தான் இருப்பு. சங்கத்துக் கம்ப்யூட்டர் அச்சடித்துக் கொடுத்த ஓ நெகட்டிவ் பட்டியலில் நான்கு பெயர்கள். இருவர் வெளியூர், ஒருவர் எடுக்கவில்லை, நான்காமவர் மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து வந்து சேர்ந்தபோது மணி ஆறு நாற்பது. அந்தப் பட்டியலில் என் பெயர் இல்லை என்பது அந்த நான்காமவர் பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

10. ஏன் இல்லை என்பதை அப்போது நான் அறியேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் யாரோ என் வகையை எழிலிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் நேரே செயலாளரிடம் போய், சாமுவேலை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டிருக்கிறார். செயலாளர் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டியிருக்கிறார். அதில் என் பெயரும், யூனுஸ் கடை எண்ணும், எதிரே "11.1.94 – கூப்பிட்டும் வரவில்லை" என்ற குறிப்பும் இருந்தனவாம். பதினொன்றாம் தேதி இல்லாத பெயர் பதினாறு நாளில் எப்படி முளைத்தது என்பதைத்தான் தாங்கள் விசாரிக்க வேண்டும்.

11. எழில் அன்று மாலையே என் வாசலுக்கு வந்தார். லைன் முழுக்கக் கூடிவிட்டது. எனக்குப் போனே வரவில்லை என்றேன். யூனுஸும் சத்தியம் செய்தார். "மனுசன் பொய் சொல்லுவானுங்க, கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாங்க?" என்று கேட்டார் எழில். எங்கள் லைனில் எழிலைத் தவிர யாரும் அதுவரை கம்ப்யூட்டரைப் பார்த்ததில்லை. அதனால் எல்லோரும் அதை நம்பினார்கள்.

12. ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பார்கள். அன்று முதல் தெருக்குழாயில் மெர்சியின் குடம் வரிசையிலிருந்து தள்ளி வைக்கப்படுகிறது. என் கதவில் சாக்பீஸால் ஒரு துளி இரத்தம் வரைந்து, பக்கத்தில் விலை போட்டிருந்தார்கள். பவுண்டரியில் என் கை வெட்டுப்பட்டபோது, துடைக்கத் துணி கேட்டேன். "பாத்துங்க, சொட்டு வீணாப் போயிறப் போகுது" என்றார் உடன் வேலை செய்பவர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்காகப் பேசிய யூனுஸ் கடைக்கு ஒரு மாதம் யாரும் போகவில்லை. பிறகு அவரும் பேசுவதை நிறுத்திக்கொண்டார். "எனக்கும் யாவாரம் நடக்கோணுமில்லீங்கண்ணா" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

13. செயலாளரை நேரில் பார்த்தேன். எழுந்து நின்று வரவேற்றார். உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க சாமுவேலு, நீங்க போயிருந்தாலும் அந்தப் புள்ள பொழச்சிருக்கும்னு என்னங்க நிச்சயம்? சங்கத்துப் பேரு கெட்டுப்போச்சுன்னா ஆயிரம் பேத்துக்கு ரத்தம் கெடைக்காதுங்க. ஒருத்தர் பேரு கெட்டா என்னங்க ஆயிப்போச்சு? காப்பி குடிச்சுட்டுப் போங்க." மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. காப்பி வந்தது. நானும் குடித்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

14. அத்தோடு விடவில்லை. 1994-95 ஆண்டறிக்கை ஆறாம் பக்கத்தில், "கம்ப்யூட்டரின் பயன்கள்" என்ற தலைப்பின் கீழ், "அழைத்தும் வராத உறுப்பினர்களை உடனே கண்டறிய முடிகிறது" என்று எழுதி, உதாரணமாக என் பெயரை முகவரியோடு அச்சிட்டு, எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்பினார்கள். எனக்கும் ஒரு பிரதி வந்தது. 1993-க்குப் பிறகு சங்கம் என் பெயரை முழுதாகப் போட்டு அனுப்பிய தபால் அது ஒன்றுதான்.

15. அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் கோமளா அம்மையார் எனக்குத் தகவல் அனுப்பினார். கம்ப்யூட்டர் வந்தபின் அவருக்கு வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். பழைய அட்டைகளை எரிக்கச் சொன்னபோது மனம் வராமல் டின்னை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். 1995 அக்டோபரில் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் வைத்து, என் அட்டையையும், கூடவே டின்னுக்குள் மடித்துக் கிடந்த ஒரு நீளக் காகிதத்தையும் கொடுத்தார். பார்வை 2-இல் கண்ட பட்டியல் அதுதான்.

16. அதில் உள்ளதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஒரு தொலைபேசி எண் ஒருமுறைதான் வரலாம் என்று கம்ப்யூட்டரில் வைத்திருந்தார்கள். ஒரே எண்ணில் இரண்டு பேர் இருந்தால், ஒரே ஆள் இருமுறை பதிவாகிவிட்டார் என்று அது எடுத்துக்கொள்ளும். இரண்டாவதை நீக்கட்டுமா என்று கேட்கும். நீக்கு என்று ஒரு விசையைத் தட்டினால் நீக்கிவிடும். யூனுஸ் கடை எண்ணில் இருந்த பதினோரு பேரில், ஆங்கில எழுத்து வரிசைப்படி முதலில் வந்த அங்கப்பன் என்ற பெரியவர் மட்டும் மிஞ்சினார். அவர் பி பாசிட்டிவ். சர்க்கரை வியாதிக்காரர். மற்ற பத்துப் பேரும் அங்கப்பனின் நகல்கள் என்று தள்ளப்பட்டோம். கோவை முழுவதும் பி.பி. எண் கொடுத்தவர்கள் இவ்விதம் நாற்பத்தாறு பேர். சொந்தப் போன் வைத்திருந்த ஒருவர் பெயர்கூட அதில் இல்லை. அந்த லைன்களில் வாழ்ந்த எவரும் பார்த்த மாத்திரத்தில் இது தப்பு என்று சொல்லியிருப்பார்.

17. இனி எழுதப்போவதை மூன்று முறை எழுதி மூன்று முறை கிழித்தேன். அந்தக் காகிதத்தின் அடியில் நீல மையில், "ஒவ்வொன்றாகச் சரிபார்த்து நீக்கினேன்" என்று எழுதி, 9.7.93 தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பவர் எழில். அவர் ஆறு மாதக் கம்ப்யூட்டர் படிப்பு படித்துவிட்டுச் செயலாளரின் தொழிற்சாலையில் கிளார்க்காக இருந்தார். சங்கத்துக்கான வேலையைச் சம்பளம் வாங்காமல் மாலை நேரங்களில் செய்துகொடுத்தார். தம் பெயருக்குத் தொழிற்சாலை எண்ணைக் கொடுத்திருந்தார், ஆகவே அவர் பெயருக்கு ஒன்றும் நேரவில்லை. லைனில் வளர்ந்தவர், யூனுஸ் கடைப் போனில் பேசி வளர்ந்தவர், நாற்பத்தாறு முறை அந்த விசையைத் தட்டியிருக்கிறார். அதில் முப்பத்தெட்டாவது பெயர் என்னுடையது. அதைத் தட்டிய ஆறாம் மாதம் அதே சங்கத்துப் பட்டியலை நம்பி, மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார்.

18. செயலாளருக்கு இது தெரியும். தெரிந்துதான் எழிலிடம் என்னைக் காட்டிக்கொடுத்தார். எண்ணை மட்டும் பார்த்துத் தட்டியிருக்க வேண்டும், தாம் நீக்கியவற்றுள் என் பெயரும் இருந்தது எழிலுக்கு இதுவரை தெரியாது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். அந்தக் காகிதத்தைப் பெற்றுக்கொண்டு நான்கு மாதம் யாரிடமும் காட்டாமல் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். மனைவியைப் பறிகொடுத்தவன், இருந்துவிட்டுப் போகட்டும், ஏசுவதால் ஆறுகிறதென்றால் ஏசட்டும் என்று இருந்தேன்.

19. சென்ற மாதம் பொங்கலன்று எழில் தம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு எதிரே வந்து நின்றார். குழந்தைக்கு இரண்டு வயது நிறைந்துவிட்டது. இப்போதுதான் பேச்சு வருகிறது. "அம்மணி, இது ஆரு?" என்று கேட்டார். குழந்தை என்னைக் கைகாட்டி, "அம்மாளுக்கு ரத்தங் குடுக்காத மாமன்" என்று சொன்னது. பாதிச் சொல் மழலை, ஆனாலும் புரிந்தது. சரியாகச் சொன்னதற்கு ஓர் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். அதன்பின் வாரம் தவறாமல் வருகிறார். இப்போது அவர் கேட்பதற்கு முன்பே குழந்தை சொல்லிவிட்டு மிட்டாய்க்குக் கை நீட்டுகிறது. அந்தக் குழந்தையின் பெயரை ஒரு புகார் மனுவில் எழுத எனக்கு விருப்பமில்லை.

20. ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கோருகிறேன்:

(அ) சங்கத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் வருகிறது. பழையதை வரும் மார்ச் 5-ஆம் தேதி உக்கடத்தில் பழைய சாமான் வியாபாரிக்குக் கொடுக்கப்போவதாக அறிகிறேன். அதற்குள் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி தாங்கள் அதைக் கைப்பற்றி, என் பெயர் எந்தத் தேதியில் நீக்கப்பட்டது, எந்தத் தேதியில் திரும்பச் சேர்க்கப்பட்டது என்பதை விவரம் தெரிந்தவரை வைத்துப் பார்க்க வேண்டும்.

(ஆ) என் பெயருக்கு எதிரே உள்ள குறிப்பை அழித்து, அது பொய் என்று அடுத்த ஆண்டறிக்கையில், அதே ஆறாம் பக்கத்தில் அச்சிட உத்தரவிட வேண்டும்.

(இ) மற்ற நாற்பத்தைந்து பேரையும் உடனே பட்டியலில் சேர்க்க வேண்டும். அவர்களில் இன்னும் மூவர் ஓ நெகட்டிவ். யாரும் தம்மைக் கூப்பிடவே மாட்டார்கள் என்பது அவர்களுக்கு இன்றுவரை தெரியாது.

(ஈ) விசாரணையின்போது எழிலை நேரில் அழைத்து, அந்தக் காகிதத்தை அவர் கையில் கொடுத்து, கையெழுத்து அவருடையதுதானா என்று கேட்க வேண்டும்.

21. நான்காவது கோரிக்கையை எடுத்துவிடும்படி மெர்சி என்னைக் கேட்டுக்கொண்டாள். "அந்தப் புள்ளைக்கு அப்பன் ஒருத்தன்தானுங்க மிச்சம், இதைத் தெரிஞ்சுக்கிட்டு அவரு எப்படீங்க உசுரோட இருப்பாரு?" என்றாள். இரண்டு வருடமாக நான் எப்படி இருக்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை, எனக்குத் தெரியும். ஆனால் குழந்தை இப்போது ஒற்றைச் சொற்களை விட்டு முழு வாக்கியம் பேசுகிறது ஐயா. அடுத்த ஆண்டு அது சொல்வதை அதுவே நம்பத் தொடங்கிவிடும். அதற்குமேல் எந்த உத்தரவு வந்தாலும் அழியாது.

தயவுகூர்ந்து மார்ச் 5-க்கு முன் நடவடிக்கை எடுக்கும்படி பணிந்து கேட்டுக்கொள்கிறேன். விசாரணைக்கு எந்த நாள் அழைத்தாலும் வருவேன். கூப்பிட்டால் வருகிறவன்தான் நான்.

இடம்: போத்தனூர்
நாள்: 22.2.1996

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) ஞா. சாமுவேல்

இணைப்பு:
1. என் பழைய உறுப்பினர் அட்டை, இருபத்து மூன்று தேதிகளுடன்.
2. ஆண்டறிக்கை, பக்கம் 6.
3. நீக்கப்பட்ட பெயர்களின் பட்டியல், 9.7.1993 (பிரதி, அசல் என்னிடம்).

நகல்:
1. திரு. லட்சுமணசாமி அவர்கள், செயலாளர், செந்துளி இரத்த தானச் சங்கம் – தகவலுக்காக.
2. திரு. எழில், கதவு எண் 7, ரயில்வே கேட் லைன் வீடுகள், போத்தனூர் – இணைப்பு 3-உடன், இன்று காலை பதிவுத் தபாலில் சேர்க்கப்பட்டது.